எண் 2020: பீல் அருங்காட்சியகத்துப் பறவைகளும் அவை இழந்த சீட்டுகளும்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட மரங்கொத்தி ஒன்று இருக்கிறது. அதன் முதுகு பச்சை மினுமினுக்கும் கறுப்பு, கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பட்டை, முகம் கருஞ்சிவப்பு, வயிறு மரங்கொத்திகளிடம் நாம் எதிர்பார்க்காத இளஞ்சிவப்பு. லூயிஸ் மரங்கொத்தி என்பது அந்த இனத்தின் பெயர். மெரிவெதர் லூயிசும் வில்லியம் கிளார்க்கும் 1804 முதல் 1806 வரை பசிபிக் கடற்கரைக்குச் சென்று திரும்பிய பயணத்தில் சேகரித்த விலங்கு மாதிரிகளில் இன்று எஞ்சியிருப்பது அநேகமாக இது ஒன்றுதான் என்று கருதப்படுகிறது. 'அநேகமாக' என்பதையும் 'கருதப்படுகிறது' என்பதையும் இந்த வாக்கியத்திலிருந்து எடுத்துவிட முடியாது. 200 ஆண்டுகளுக்குப் பிறகும் இறகு கொட்டாமல் நிற்கும் அந்தப் பறவையிடம், தான் யார், எங்கிருந்து வந்தோம் என்று சொல்லும் அக்காலத்துச் சீட்டு இல்லை.

இந்த ஆய்வு அந்த மரங்கொத்தி இருந்த முதல் இடத்தைப் பற்றியது. பிலடெல்பியாவில் சார்லஸ் வில்சன் பீல் நடத்திய அருங்காட்சியகம், அமெரிக்காவில் பறவைகளைப் பாடம் செய்து, வகைப்படுத்தி, பொதுமக்களுக்குக் காட்டிய தொடக்ககால நிறுவனங்களுள் மிகப் பெரியது. தோலைப் பூச்சியிடமிருந்து காக்கும் வழியை அது கண்டுபிடித்தது. பெயரைப் பறவையோடு சேர்த்துக் காக்கும் வழியை அது கண்டுபிடிக்கவில்லை. அதன் பறவைகளுக்கு நேர்ந்த இழப்பில் தீக்கும் பூச்சிக்கும் உரிய பங்கு உண்டு. ஆனால் நான் இங்கே வாதிடுவது, பிழைத்த பறவைகளிலும் பாதி உயிரை எடுத்தது சீட்டு வைத்த இடம்தான் என்பதே.

ஓவியர் கடை

பீல் 1741இல் மேரிலாந்தில் பிறந்தவர். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலைக் கற்று, அதை விட்டு ஓவியரானவர். விடுதலைப் போரில் படையில் பணியாற்றியவர். போர் முடிந்த சமயத்தில், ஒகையோ ஆற்றுப் பகுதியில் கிடைத்த பெரிய எலும்புகளைப் படமாக வரையும் வேலை அவருக்கு வந்தது. வீட்டில் கிடந்த அந்த எலும்புகளைப் பார்த்த மைத்துனர், உம்முடைய ஓவியங்களைவிட இவற்றைப் பார்க்கத்தான் ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னாராம். 1786இல் லம்பார்டு தெருவில் இருந்த தம் ஓவியக்கூடத்திலேயே பீல் அருங்காட்சியகத்தைத் திறந்தார். தம் பிள்ளைகளுக்கு ரபேல், ரெம்பிராண்ட், ரூபன்ஸ், டிஷியன் என்று ஓவியர் பெயர்களாகவே வைத்து வந்தவர், இயற்கை வரலாற்றில் இறங்கிய பிறகு பிறந்த மகன் ஒருவனுக்கு, உயிரினங்களை வகைப்படுத்தும் முறையை வகுத்த அறிஞர் லின்னேயஸின் பெயரை வைத்தார் என்பதிலிருந்து அவருடைய மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் காட்சியமைப்பே அவர் ஓவியர் என்பதைக் காட்டிக் கொடுத்தது. 1787இல் அங்கே வந்து பார்த்த பாதிரியார் மனாசே கட்லர் எழுதிவைத்த விவரிப்பின்படி, அறையின் ஒரு கோடியில் மண்மேடும் மரங்களும் புதரும் சிறு குளமும் செய்யப்பட்டிருந்தன; குளத்தில் நீர்ப்பறவைகளும், கரையில் ஆமைகளும், கிளைகளில் பறவைகளும் தத்தம் இடத்தில் இருந்தன. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் பறவைகளை வெறும் அலமாரித் தட்டில் நிறுத்திய காலம் அது. பின்னாளில் பறவைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போனபோதும், பெட்டியின் பின்புறத்தில் அந்தந்தப் பறவைக்குப் பொருத்தமான நிலக்காட்சியைத் தீட்டும் வழக்கத்தை அவர் கைவிடவில்லை.

பாடாணமும் வீரமும்

முதல் சில ஆண்டுகள் தோல்வியில் கழிந்தன. பெஞ்சமின் பிராங்க்ளின் தம்மிடம் இருந்த அங்கோரா பூனை இறந்ததும் அதன் உடலைப் பீலுக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்ற முடியவில்லை. டர்பன்டைன் முதலியவற்றை முயன்று பார்த்தும் தோல் வண்டும் அந்துப்பூச்சியும் நிற்கவில்லை. இதைச் செய்தவர்களுக்கு மட்டுமே தெரியும் ஒரு சங்கடம் உண்டு: பூச்சி வெளியிலிருந்து வருவதற்கு முன்பே தோலுக்குள் முட்டை வைத்திருக்கும். கண்ணாடிப் பெட்டியை எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் எதிரி உள்ளே இருந்தே கிளம்புவான். சில மாதங்களில் பறவையின் காலடியில் பொடியும் உதிர்ந்த இறகும் கிடக்கும்.

பிரான்சின் மெட்ஸ் நகரத்தைச் சேர்ந்த மருந்துக்காரர் பெக்கர் என்பவர், ஆர்சனிக், சோப்பு, கற்பூரம், சுண்ணாம்பு முதலியவற்றைக் கலந்து தோலின் உட்புறம் பூசும் ஒரு குழம்பை 18ஆம் நூற்றாண்டிலேயே செய்திருந்தார். ஆனால் அதன் செய்முறையை உயிரோடு இருந்தவரை அவர் வெளியிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது பாரிசில் அச்சேறியது. ஆகவே பீல் தாமே முயன்று, தாமே தவறி, ஆர்சனிக் கரைசலில் தோலை நனைக்கும் முறைக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைப் பாடாணம் என்று நம் நாட்டு மருந்துக்கடைகள் அறிந்த சரக்கு அது. அதோடு பாதரசக் குளோரைடையும் பயன்படுத்தினார். சித்த மருத்துவத்தில் வீரம் என்று சொல்லப்படும் கடும் நஞ்சு.

வேலையின் போக்கை ஒரு பறவையில் வைத்துப் பார்க்கலாம். மார்பெலும்பின் அடியிலிருந்து கீழ்நோக்கிக் கீறி, தோலைச் சட்டை கழற்றுவது போல உடலிலிருந்து உருவ வேண்டும். மண்டையோடு, இறக்கை எலும்பு, கால் எலும்பு மூன்றும் தோலோடு தங்கும். மூளையும் சதையும் சுரண்டி எடுக்கப்படும். தோல் நஞ்சு நீரில் நனைந்து வெளியே வரும். இறகு ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக நீவி உலர்த்த வேண்டும். பிறகு கம்பி, பஞ்சு அல்லது சணல், கண்ணாடிக் கண். இத்தனையும் வெறுங்கையால் செய்யப்பட்டன. பீல் குடும்பத்தின் பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஒரு வகையில் இந்த வேலையில் இருந்தார்கள். அசையாப் பொருள்களை அழகிய ஓவியங்களாக வரைந்த மூத்த மகன் ரபேல், பல ஆண்டுகள் நோயில் துன்புற்று 1825இல் இறந்தார். ஆர்சனிக்கும் பாதரசமும்தான் அதற்குக் காரணம் என்று பின்னாளில் சிலர் வாதிட்டனர், குடிப்பழக்கத்தைக் காட்டி மறுத்தவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நஞ்சு வேலை செய்தது என்பதற்கு மிகப் பழைய சான்று ஜார்ஜ் வாஷிங்டனின் கோழிகள். பிரெஞ்சுத் தளபதி லாபயெத் வழியாக வாஷிங்டனுக்குச் சீனத்துப் பொன்னிற ஃபெசன்ட் கோழிகள் வந்திருந்தன. அவை செத்தால் உடலைத் தமக்கு அனுப்புமாறு பீல் எழுதிக் கேட்டார். உம் விருப்பத்தை நிறைவேற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் மகிழ்வேன் என்று சொல்வதற்கில்லை, ஆனாலும் அவை வெகுவிரைவில் உம் அருங்காட்சியகத்தில் சேர்ந்துவிடும் என்றே அஞ்சுகிறேன் என்ற கருத்தில் 1787 ஜனவரியில் வாஷிங்டன் பதில் எழுதினார். அஞ்சியபடியே நடந்தது. அந்தக் கோழிகள் இணையாக இன்றும் ஹார்வர்டில் இருக்கின்றன. பிராங்க்ளினின் பூனை அழிந்ததையும் வாஷிங்டனின் கோழிகள் நிற்பதையும் அருகருகே வைத்தால், பீல் அந்தச் சில ஆண்டுகளில் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்று அளந்துவிடலாம்.

நீண்ட அறையும் சட்டத்துக்குள் இருந்த பெயர்களும்

1794இல் அருங்காட்சியகம் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் கட்டடத்துக்கும், 1802இல் விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான மாநில மாளிகையின் மேல்தளத்துக்கும் மாறியது. அங்கே 100 அடி நீளமுள்ள ஓர் அறை பறவைகளுக்கு ஒதுக்கப்பட்டது. சுவர் முழுவதும் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள்; அவற்றுக்கு மேலே நாட்டின் பெரிய மனிதர்களின் உருவப்படங்கள். பருந்தினமும் கழுகினமும் முதல் வரிசையைப் பெற்றன. லின்னேயஸ் வகுத்த முறையில் மற்ற வரிசைகள் தொடர்ந்தன. கட்டணம் 25 சென்ட். 1822இல் பீல் தம் 81ஆம் வயதில் வரைந்த புகழ்பெற்ற தன்னுருவப் படத்தில் இந்த அறைதான் தெரிகிறது: முதியவர் ஒரு கையால் செந்திரையைத் தூக்கிப் பிடிக்க, பின்னால் பெட்டிகள் தூரத்துக்குப் போகின்றன, முன்னால் பாடம் செய்யும் கருவிப்பெட்டியின் மேல் இன்னும் பாடம் செய்யப்படாத வான்கோழி ஒன்று தலை தொங்கக் கிடக்கிறது. மகன் டிஷியன், ஸ்டீபன் லாங்கின் மேற்குப் பயணத்திலிருந்து கொண்டுவந்தது அது.

இந்த அறையில் ஒரு சிறிய ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். பறவைகளுக்கு எண் இருந்தது. அந்த எண்ணுக்குரிய பெயர், லத்தீன், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டு, பெட்டிக்கு மேலே சட்டத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது. பார்வையாளருக்கு இதைவிட வசதியானது இல்லை. பறவையின் காலில் தொங்கும் காகிதம் பீலின் ஓவியக் கண்ணை நிச்சயம் உறுத்தியிருக்கும். ஆனால் இந்த ஏற்பாடு பறவையும் பெட்டியும் சட்டமும் சுவரும் பிரியாமல் இருக்கும் வரைதான் செல்லும். ஒரு பறவையைப் பெட்டியிலிருந்து எடுத்த கணத்திலேயே அதன் பெயர் சுவரில் நின்றுவிடும். எங்கே, எப்போது, யாரால் சுடப்பட்டது என்பதற்கோ சட்டத்திலும் இடமில்லை. எப்படியும் இந்த நிறுவனம் தேசத்தின் சொத்தாகிவிடும், பறவைகள் இந்த அறையை விட்டுப் போகப்போவதில்லை என்று பீல் நம்பியிருந்தார். அரசு அதை ஏற்று நடத்த வேண்டும் என்று அவர் கடைசிவரை முயன்றார்; நண்பரான ஜெபர்சன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்திலும் அது நடக்கவில்லை.

வில்சன் அச்சிட்ட எண்கள்

பறவைகளின் நல்ல காலம், அலெக்சாண்டர் வில்சன் அந்த அறையைத் தம் பணிமனை போலப் பயன்படுத்தினார். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் தறி நெய்தவர், கவிஞர், 1794இல் கையில் காசில்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். 1802 முதல் பிலடெல்பியாவுக்கு அருகே பள்ளி ஆசிரியராக இருந்தார். அமெரிக்கப் பறவைகள் அனைத்தையும் வரைந்து விவரிக்கும் பெருநூலை 1808 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்; 1813இல் அவர் இறந்த பிறகு கடைசித் தொகுதிகளை நண்பர் ஜார்ஜ் ஆர்டு முடித்து, 1814இல் ஒன்பது தொகுதிகள் நிறைவுற்றன. தாம் சுட்ட பறவைகளை வில்சன் பீலிடம் கொடுத்தார். பீலிடம் இருந்தவற்றைத் தாம் வரைந்தார். ஓர் இனத்தை விவரிக்கும்போது பெயருக்குக் கீழே, பீல் அருங்காட்சியகத்தில் அதன் எண் இன்னது என்று அச்சிட்டார்.

இன்றைய கண்ணில் இது சாதாரணம். அன்றைக்கு அது ஒரு புதிய ஒழுங்கு. நான் சொல்வதை நம்பாவிட்டால் 25 சென்ட் கொடுத்து உள்ளே போய், இந்த எண்ணுள்ள பறவையைப் பார்த்துக்கொள் என்று வாசகருக்கு அவர் சவால் விடுகிறார். ஐரோப்பிய அறிஞர்கள் அமெரிக்கப் பறவைகளைத் தொலைவிலிருந்து பெயரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், சான்று பிலடெல்பியாவில் இருக்கிறது என்று சொன்ன முதல் பெரும் நூல் இதுதான்.

லூயிசும் கிளார்க்கும் கொண்டுவந்த பறவைகள் இந்த வழியில்தான் அறிவியலுக்குள் நுழைந்தன. 1806 மே 27ஆம் நாள், இன்றைய ஐடகோ மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரை முகாமில் தங்கியிருந்த லூயிஸ், பலமுறை கண்ணில் பட்டும் கையில் சிக்காத கறுப்பு மரங்கொத்தியைச் சில நாள்களுக்கு முன் பலவற்றைக் கொன்று பாதுகாத்ததாகத் தம் குறிப்பேட்டில் எழுதி, கழுத்துப் பட்டை முதல் வயிற்றின் சிவப்பு வரை வரிவரியாக விவரித்தார். மலைகளையும் ஆறுகளையும் கடந்து அந்தத் தோல்கள் பிலடெல்பியா வந்தன. புதியவையான பறவைகளை வரையும்படி லூயிஸ் நேரிலேயே தம்மைக் கேட்டுக்கொண்டதாக வில்சன் எழுதியிருக்கிறார். 1811இல் வந்த மூன்றாம் தொகுதியில் மூன்று பறவைகள் ஒரே படப்பக்கத்தில் இடம்பெற்றன: இன்று மேற்கத்திய டனேஜர் எனப்படும் மஞ்சள் பறவை, கிளார்க்கின் பெயர் பெற்ற சாம்பல் நிறக் காக்கையினப் பறவை, லூயிசின் பெயர் பெற்ற மரங்கொத்தி. மரங்கொத்திக்கு அவர் அச்சிட்ட எண் 2020. கிளார்க்கின் பறவைக்கு 1371. அதன் வெளித்தோற்றத்தைத் தவிர வேறெதையும் தம்மால் சொல்ல இயலாது என்று மரங்கொத்தியின் பக்கத்திலேயே வில்சன் ஒப்புக்கொண்டார். உயிரோடு அதைப் பார்க்காமலே, தோலை மட்டும் வைத்துப் பேசுகிறோம் என்பதை மறைக்காத நேர்மை அது.

விற்பனை

பீல் 1827இல் இறந்தார். அருங்காட்சியகம் அப்போது ஒரு பங்கு நிறுவனத்தின் கையில் இருந்தது. மாநில மாளிகையை விட்டு வணிக வளாகம் ஒன்றுக்கும், 1838இல் பெரிய புதுக் கட்டடத்துக்கும் அது மாறியது. அந்தக் கட்டடச் செலவும் அதே காலத்து வங்கி நெருக்கடியும் சேர்ந்து கழுத்தை நெரித்தன. 1840களில் எல்லாம் கடன் கொடுத்தவர்களின் கணக்குக்குப் போயின. 1850ஐ ஒட்டி, இயற்கை வரலாற்றுச் சேகரிப்பை வாங்கிப் பங்கிட்டுக்கொண்டவர்கள் நியூயார்க்கின் பி. டி. பார்னமும் பாஸ்டனின் மோசஸ் கிம்பலும்.

இவர்கள் இருவரும் வேடிக்கை காட்டிப் பணம் பண்ணுவதில் கைதேர்ந்தவர்கள். குரங்கின் மேலுடலையும் மீனின் வாலையும் ஒட்டவைத்தது போன்ற 'பிஜித் தீவுக் கடற்கன்னி' கிம்பலுடையது. பார்னம் அதை 1842இல் வாடகைக்கு எடுத்து ஊரைக் கூட்டினார். கிம்பலின் பாஸ்டன் அருங்காட்சியகம் உண்மையில் ஒரு நாடகக் கொட்டகை. நாடகம் பார்ப்பதைப் பாவமாகக் கருதிய பக்தர்கள் கூச்சமின்றி உள்ளே வருவதற்காகத்தான் முன்கூடத்தில் பறவையும் விலங்கும் வைத்திருந்தார். லின்னேயஸ் முறையில் அடுக்கப்பட்ட வரிசை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. பார்னம் எடுத்துக்கொண்ட பாதி தீயில் அழிந்ததாகக் கருதப்படுகிறது. அவருடைய நியூயார்க் அருங்காட்சியகம் 1865 ஜூலை 13இல் எரிந்து சாம்பலானது. கிம்பலின் பாதி தப்பியது. ஆனால் எண்ணும் சட்டமும் பறவையும் தனித்தனியாகப் பிரிந்துபோயின.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிம்பலின் பறவைகள் பாஸ்டன் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பக்கம் வந்து, 1914இல் ஹார்வர்டை அடைந்தன. அங்கே இருந்த வால்டர் பாக்சன் அவற்றைச் சோதித்து 1915இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அவர் முன்னால் இருந்த வேலை, சாட்சிகள் இறந்துபோன ஒரு வழக்கை விசாரிப்பது போன்றது. வில்சனின் விவரிப்பும் படமும் ஒரு பக்கம், பெயரற்ற பறவை இன்னொரு பக்கம். கிம்பலின் கூடத்தில் பீலுடையவை அல்லாத பறவைகளும் கலந்திருந்தன. எந்தப் பறவை வில்சன் பார்த்த அதே பறவை என்று சிலவற்றில் உறுதியாகவும், சிலவற்றில் ஓரளவுக்கும் சொல்ல முடிந்தது. பலவற்றில் பாடம் செய்தவரின் கை மட்டும்தான் தெரிந்தது.

மரங்கொத்தியின் வழக்கு இந்த இடைநிலையில்தான் நிற்கிறது. லூயிஸ் பயணத்துக்குப் பிறகு அந்த இனத்தின் தோல் பல ஆண்டுகள் கிழக்குக்கு வரவில்லை. பீலிடம் அவருடைய தோல்கள் இருந்தது அச்சில் உள்ளது. பீலின் பறவைகளோடுதான் ஹார்வர்டு பறவையும் வந்தது. இவை மூன்றும் வலுவான காரணங்கள். எனினும் 1830களில் மேற்கே சென்ற சேகரிப்பாளர்கள் அதே இனத்தைக் கொண்டுவந்தார்கள், பீலின் நிறுவனமும் 1840கள் வரை புதிய பறவைகளை ஏற்றுக்கொண்டிருந்தது. நான் நீதிபதியாக இருந்தால் லூயிசின் பக்கமே தீர்ப்புச் சொல்வேன். ஆனால் ஐயத்துக்கு இடமேயில்லை என்று எழுதமாட்டேன். காலில் 2020 என்று ஒரு துண்டுக் காகிதம் கட்டியிருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

அதே ஊரில் இன்னொரு வழி

பீலின் பறவைகள் சிதறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே பிலடெல்பியாவில், 1812இல் நிறுவப்பட்ட இயற்கை அறிவியல் கழகம் நேரெதிரான பாதையில் போனது. அதன் புரவலர் தாமஸ் வில்சன் 1846இல் பிரான்சின் ரிவோலி பிரபுவின் சேகரிப்பை, சுமார் 12,500 பறவைகளை, மொத்தமாக வாங்கினார். அவையும் நிறுத்திப் பாடம் செய்யப்பட்ட காட்சிப் பறவைகளாகவே வந்தன. காலப்போக்கில் பெரும்பாலானவற்றைப் பீடத்திலிருந்து பிரித்து, கண் எடுத்து, இறக்கையை மடித்து, மல்லாக்கப் படுத்த ஆய்வுத் தோல்களாக மாற்றி இழுப்பறைகளில் வைத்தார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வெளிச்சத்தில் நிறம் மங்குவதில்லை, நூறு பறவைகள் ஓர் இழுப்பறையில் அடங்கும், ஒவ்வொன்றின் காலிலும் சீட்டு கட்டப்பட்டிருக்கும். அந்தச் சேகரிப்பில் வேலை செய்து ஏறத்தாழ 200 புதிய இனங்களை விவரித்த ஜான் காசின் 1869இல் இறந்தார்; வாழ்நாளெல்லாம் கையாண்ட தோல்களின் ஆர்சனிக்தான் அவரைக் கொன்றது என்று சொல்வார்கள். இன்றும் அக்காலத்துத் தோல்களைக் கையுறை போடாமல் தொடக்கூடாது என்பது அருங்காட்சியகங்களின் விதி.

பீலின் முறை முட்டாள்தனமானது என்று இதற்குப் பொருளில்லை. நெசவாளியும் கடைக்காரரும் குழந்தையும் தங்கள் காட்டுப் பறவையை முதன்முதலாக நெருங்கிப் பார்த்தது அவருடைய அறையில்தான். இழுப்பறை அந்த வேலையைச் செய்யாது. இரண்டு தேவைக்கும் இரண்டு பறவைகள் வேண்டும் என்பது பிற்காலத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்டது. பீலிடம் பல இனங்களுக்கு ஒன்றே இருந்தது, அதையே காட்சிக்கு வைத்தார்.

தோல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அலெக்சாண்டர் வில்சனின் நூலிலேயே ஒரு பறவை இருக்கிறது. 1812இல் வந்த ஆறாம் தொகுதியில் 'சிறுதலை ஈப்பிடிப்பான்' என்ற சின்னஞ்சிறு பறவையை அவர் வரைந்து, ஏப்ரல் 24ஆம் நாள் ஒரு பழத்தோட்டத்தில் சுட்டதாக எழுதினார். பல ஆண்டுகள் கழித்து, பறவை ஓவியர் ஆடுபன், அது தாம் 1808இல் கென்டக்கியில் வரைந்த படம் என்றும், 1810இல் தம்மைக் காண வந்த வில்சன் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டார் என்றும் குற்றம் சாட்டினார். வில்சன் அப்போது உயிரோடு இல்லை. ஆர்டு அவருக்காக எழுந்து நின்று மறுத்தார். அந்த இருவரின் படங்களுக்கும் முழுமையாகப் பொருந்தும் பறவையை அதன் பிறகு யாரும் கண்டதில்லை. பீலின் அறையிலிருந்தோ, ஹார்வர்டிலிருந்தோ, கழகத்தின் இழுப்பறைகளிலிருந்தோ எடுத்து வைத்து அந்த வழக்கைத் தீர்க்க ஒரு தோலும் இல்லை. பறவையியல் பட்டியல்கள் அதை இன்னும் ஐயத்துக்குரிய இனங்களின் வரிசையிலேயே வைத்திருக்கின்றன.